அத்தியாயம் 6: சால்மன் கொத்தாத நாட்கள்

மிச்சிகன் மாநிலத்தின் மேற்குக் கரையில் இருக்கிறது லடிங்டன். ஆகஸ்ட் கடைசியில் அங்குள்ள வடக்கு அலைதடுப்பில் தூண்டில் போட்டு நிற்பவர்களின் பெட்டிகளை எட்டிப் பார்த்தால் ஸ்பூன் என்கிற உலோகப் போலி இரைகள் அடுக்கடுக்காக இருக்கும். பச்சை, செம்பு, ஆரஞ்சு, வெள்ளியில் நீலக்கோடு, இருட்டில் ஒளிரும் வெள்ளை என்று கண்ணைப் பறிக்கும். மீன் கொத்தவில்லை என்றால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவார்கள். கால்மணி கழித்து அதையும் கழற்றுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு மீன் பட்டுவிட்டால், அவர் போட்டிருந்த நிறத்தைத் தேடிப் பெட்டியே தலைகீழாகும். இத்தனையும் வாங்கியவர்களில் பலர் நூல் கட்டிய தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கியிருக்க மாட்டார்கள். ஸ்பூன் ஒன்றின் விலையைவிட அதற்குப் பெரிதாக அதிகம் ஆகாது.

சால்மன் கொத்தாத நாளில் குற்றவாளி பெரும்பாலும் ஸ்பூன் அல்ல, தண்ணீர். அடுத்தது வெளிச்சம். அதற்கும் அடுத்தது மீனின் உடல்நிலை. நிறம் கடைசியில்தான் வரும். தூண்டில் கடைகளில் இந்த வரிசையைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஸ்பூன் விற்காது.

காரணம் புரிய, இந்த மீன் இங்கே வந்த கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சால்மன் பசிபிக் கடலுக்குச் சொந்தமானது. மிச்சிகன் ஏரிக்கு வந்தேறி. ஏரியின் பழைய வேட்டை மீனான லேக் ட்ரவுட்டைக் கடல் லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி அழித்துவிட்டிருந்தது. அந்த வெற்றிடத்தில் மத்திக்கு உறவான ஏல்வைஃப் என்ற சிறுமீன் நுழைந்தது. 1949இல் முதன்முதலாக இந்த ஏரியில் தென்பட்ட அது, தின்ன ஆளில்லாமல் பெருகிப் பெருகி, 1967 கோடையில் மலைமலையாகச் செத்துக் கரை ஒதுங்கியது. கடற்கரைகளில் புல்டோசர் வைத்து அள்ள வேண்டியிருந்தது. மாநில மீன்வளப் பிரிவின் பொறுப்பில் 1964இல் அமர்ந்த ஹோவர்ட் டேனர், ஆரிகனிலிருந்து கோஹோ சால்மன் முட்டைகளை வரவழைத்து, பொரித்து வளர்த்த குஞ்சுகளை 1966 வசந்தத்தில் பிளாட் ஆற்றிலும் பேர் கிரீக்கிலும் விட்டார். மறு ஆண்டு, இன்னும் பெரிதாக வளரும் சினூக்கும் வந்தது. அந்தக் கரையில் அதற்குக் ‘கிங்’ என்று பெயர். 2021இல் லடிங்டனுக்கு அப்பால் படகில் பிடிபட்ட கிங் ஒன்று 47.86 பவுண்டு, அதாவது 21 கிலோவுக்கு மேல். மாநிலச் சாதனை அதுதான்.

கிங் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நடு ஏரியின் குளிர்ந்த ஆழத்தில், ஏல்வைஃப் கூட்டங்களைத் துரத்திக் கழிக்கிறது. மூன்று, நான்கு வயதில் முட்டையிடும் நேரம் நெருங்கும்போதுதான் தான் பிறந்த அல்லது விடப்பட்ட ஆற்றைத் தேடி வருகிறது. அந்த ஆற்று வாய்களின் இருபுறமும் ஏரிக்குள் நீளும் கல், கான்கிரீட் தளங்களுக்குத்தான் உள்ளூரில் பியர் என்று பெயர். மானிஸ்டீ, ஃபிராங்ஃபர்ட், கிராண்ட் ஹேவன், செயின்ட் ஜோசப் எல்லாவற்றிலும் இதே அமைப்புத்தான். படகு இல்லாதவர் கிங்கை எட்டிப் பிடிக்கக் கிடைக்கும் அவகாசம் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிவரை, அதிலும் சில நாட்கள்தான்.

எந்தச் சில நாட்கள்? அதைக் காற்று முடிவு செய்கிறது.

கிங்குக்குப் பிடித்த வெப்பம் 12, 13 டிகிரி செல்சியஸ். ஆகஸ்டில் ஏரியின் மேல்தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிவிடும். குளிக்க வருபவர்களுக்குக் கொண்டாட்டம். குளிர்ந்த தண்ணீர் அதற்கு அடியில், கரையிலிருந்து தள்ளி ஆழத்தில் கிடக்கும். பியரின் நுனியில் அந்த ஆழம் கிடையாது. அப்படிப்பட்ட நாளில் எந்த ஸ்பூனை வீசினாலும், மீன் இல்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் உலோகத்துண்டைக் குளிப்பாட்டுகிற வேலைதான் நடக்கும்.

வடக்கிலிருந்து வாடைக்காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால் நிலைமை தலைகீழாகும். பூமி சுழல்வதால், நம் வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்தண்ணீர் நேராகப் போகாமல் வலப்புறமாக விலகிப் போகும். வடக்கிலிருந்து தெற்கே போகும் காற்றுக்கு வலப்புறம் மேற்கு. மிச்சிகன் மாநிலக் கரையில் மேற்கு என்றால் நடு ஏரி. ஆக, சூடான மேல்தண்ணீர் கரையை விட்டு வெளியே போகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலேறிக் கரைக்கு வருகிறது. ஓரிரு நாளில் 10 டிகிரி அளவுக்குத் தண்ணீர் குளிர்ந்துவிடுவது உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் நீந்திய இடத்தில் புதன்கிழமை கால் வைக்க முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றில் கேரளக் கரையோரம் அடித்தண்ணீர் மேலேறி மத்திக்கு இரை பெருக்குவதும் இதே விதிப்படிதான்.

கீழைக்காற்று இன்னும் நேரடி. கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசுவதால் மேல்தண்ணீரை அப்படியே வெளியே தள்ளிவிடும். பியரைச் சுற்றி அலையும் இருக்காது. மேற்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ காற்று திரும்பினால் சூடான தண்ணீர் மீண்டும் கரையில் வந்து குவியும். மீன் ஆழத்துக்குப் போய்விடும். எதிர்க்கரையில், விஸ்கான்சினின் மில்வாக்கி, ஷெபாய்கன் பக்கம் நிற்பவர்கள் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே மேற்குக் காற்றும் தெற்குக் காற்றும்தான் குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுவரும். ஒரு கரையின் நல்ல நாள் பல சமயம் மறுகரையின் கெட்ட நாள்.

இதையெல்லாம் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். ஆன் ஆர்பரில் உள்ள, அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் பெரிய ஏரிகள் ஆய்வகம் செயற்கைக்கோள் எடுத்த மேற்பரப்பு வெப்பப் படங்களை நாள்தோறும் வெளியிடுகிறது. அதில் மிச்சிகன் கரையை ஒட்டி நீல நாடா ஒன்று தெரிந்தால் குளிர்ந்த தண்ணீர் மேலேறியிருக்கிறது என்று பொருள். டெட்ராய்ட்டிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் மணிக்கணக்கில் வண்டி ஓட்டி வருகிற நம்மவர்களுக்கு இந்தப் படம் ஒரு டேங்க் பெட்ரோலை மிச்சப்படுத்தும்.

பியருக்கு வந்தபின் செய்ய வேண்டியது தெர்மாமீட்டரை இறக்குவது. நூலில் கொஞ்சம் ஈயம் கட்டி, அடியைத் தொடும்வரை விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து, சட்டென்று மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவோம். ஆற்றிலிருந்து வரும் தண்ணீர் கோடையில் சூடாக இருக்கும். அது கால்வாயில் மேலே மிதந்தபடி வெளியேறும். அதற்கு அடியிலேயே ஏரியின் குளிர்ந்த தண்ணீர் உள்ளே நுழைந்திருக்கும். மேலே 21, கீழே 13 என்று காட்டினால் மகிழ்ச்சியோடு தூண்டிலை எடுக்கலாம். ஸ்பூன் அடியோரம் வர வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். கால்வாய்ப் பக்கம் ஒருமுறை, ஏரிப் பக்கம் ஒருமுறை என்று இரண்டு இடத்திலும் அளப்பது நல்லது. அடியிலும் 19, 20 என்றால் கிங்கை மறந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. செப்டம்பர் நடுவை நெருங்க நெருங்க ஆற்றின் இழுப்பு மீனுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகிவிடும். அப்போது வெதுவெதுப்பான தண்ணீரையும் பொறுத்துக்கொண்டு, பெரும்பாலும் இரவில், பியரைக் கடந்து உள்ளே போகும். ஆகவே தெர்மாமீட்டரின் பேச்சுக்கு ஆகஸ்டில் முழு மதிப்பு, செப்டம்பர் கடைசியில் பாதி மதிப்பு.

தண்ணீர் குளிர்ந்திருக்கிறது, மீனும் வந்திருக்கிறது, ஆனால் காலை ஒன்பது மணிக்குக் கொத்தவில்லை என்றால் அது வெளிச்சத்தின் வேலை. பழைய ஆட்கள், முன்பெல்லாம் பகலிலும் கிங் பட்டதாகச் சொல்வார்கள். அவர்கள் பேச்சில் உண்மை இருக்கிறது. 1980களின் கடைசியில் கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரோடு வந்து சேர்ந்த வரிச்சிப்பிகளும், 1997இல் இந்த ஏரியில் கண்டறியப்பட்ட குவாகா சிப்பிகளும் தண்ணீரிலுள்ள நுண்பாசியை வடிகட்டித் தின்று ஏரியைப் பளிங்காக்கிவிட்டன. பார்க்க அழகு. கிங்குக்கு அது பிடிக்கவில்லை. வெயில் ஊடுருவும் தெளிந்த தண்ணீரில், ஆழம் குறைந்த கரையோரத்தில், அது தங்குவதில்லை.

எனவே பியரில் மீன்பாடு பெரும்பாலும் இருட்டில்தான். நள்ளிரவு தாண்டி வந்து, சூரியன் ஏறும் முன் மூட்டை கட்டுகிறவர்களே வெற்றி பெறுகிறார்கள். இதற்காகத்தான் ஒளிரும் ஸ்பூன். டார்ச் அல்லது புற ஊதா விளக்கின் முன் சில விநாடி பிடித்தால் பூச்சு வெளிச்சத்தை உள்வாங்கிக்கொண்டு பச்சையாக மின்னும். சில வீச்சுகளில் மங்கிவிடும். மறுபடி விளக்கு காட்ட வேண்டும். நிலவில்லாத இரவில் வரிசையாக இருபது பேர் வீசும்போது பச்சைப் பொட்டுகள் வளைவாகப் பறந்து ‘பொத்’ என்று விழுவதைப் பார்க்கலாம். விளக்கு காட்டிய உடனே கண்ணைக் கூசும் அளவு ஒளிரும் ஸ்பூன் மீனை மிரட்டுகிறது என்றும், சற்று மங்கிய பிறகுதான் கொத்து விழுகிறது என்றும் பியர்வாசிகளில் ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சியை நம்புவதில் நட்டமில்லை. டார்ச்சைத் தண்ணீரின் மேல் அடிக்காமல் இருப்பது மட்டும் எல்லாக் கட்சிக்கும் பொது விதி.

வீசும் முறையில் கவனம் வைப்பது நிறத்தில் கவனம் வைப்பதைவிடப் பலன் தரும். 21 முதல் 28 கிராம் எடையுள்ள ஸ்பூன் போதும். அது தண்ணீரில் விழுந்ததும் ரீலைப் பூட்டாமல் மனத்துக்குள் எண்ண வேண்டும். அடியைத் தொட்டால் நரம்பு தளர்ந்து காட்டிக்கொடுக்கும். பன்னிரண்டு எண்ணும்போது அடி தட்டியது என்றால், அடுத்த வீச்சில் பத்தோடு நிறுத்திச் சுற்றலாம், அதற்கடுத்து ஏழு, பிறகு நான்கு. மீன் எந்த மட்டத்தில் ஓடுகிறது என்று இப்படித்தான் பிடிபடும். சுற்றும் வேகம், ஸ்பூன் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே வரும் அளவுக்கு இருந்தால் போதும். வேகம் கூடினால் அது ஆடாமல் சுழலும், நரம்பு முறுக்கிக்கொள்ளும். பியரை ஒட்டி, பகலில் காலடியிலேயே ஒரு வீச்சு போட்டு ஸ்பூனின் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துவைத்துக்கொண்டால் இரவில் கோலின் நுனி அதிர்வதைக் கையால் உணர முடியும். நடுநடுவே ஒரு நொடி சுற்றுவதை நிறுத்தி ஸ்பூனை விழவிட வேண்டும். பின்னாலேயே தொடர்ந்து வந்து, கொத்தலாமா வேண்டாமா என்று யோசிக்கும் கிங் பல சமயம் அந்த வீழ்ச்சியில்தான் வாயைத் திறக்கும்.

இனி, எல்லோரையும் வெறுப்பேற்றும் நிலைமைக்கு வருவோம். மீன் இருக்கிறது. கண்ணெதிரே, இருபது அடி தூரத்தில், முழு உடம்போடு துள்ளி விழுகிறது. கொத்தவே கொத்தாது.

முட்டையிட ஆற்றுக்கு வரும் பசிபிக் சால்மன் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறது. குடலும் இரைப்பையும் சுருங்கி, உடம்பில் சேர்த்த கொழுப்பெல்லாம் சினைக்கும் விந்துக்கும் பயணத்துக்கும் செலவாகிறது. வெள்ளி நிறம் மங்கி, பழுப்பாகிக் கறுக்கும். ஆணுக்குத் தாடை கொக்கியாக வளையும். முட்டையிட்டதும் சாவு. பசியே இல்லாத மீனுக்குச் சாப்பாடு காட்டுகிறோம் என்பதுதான் இங்கே சிக்கல். ஏரியில் சால்மன் விடப்பட்ட ஆரம்ப ஆண்டுகளில் மிச்சிகன் மாநிலமே, ஆற்றுக்கு வந்த சால்மன் இரை எடுக்காது என்று நினைத்து, சில இடங்களில் வெறும் முள்ளை வீசி மீனின் உடம்பில் மாட்டி இழுப்பதை அனுமதித்திருந்தது. பெரிய மூன்று முனை முள், கனத்த ஈயம், முதுகிலும் வாலிலும் கிழிபடும் மீன் என்று ஆற்றங்கரைகள் அலங்கோலமாயின. பிறகு அது தடை செய்யப்பட்டது, இன்றும் குற்றம். நேர்மையாகத் தூண்டில் போட்ட சிலருக்கு வாயிலேயே மீன் பட்டுக்கொண்டிருந்தது என்பதும் அந்தக் காலத்துச் செய்திதான். பசி போனாலும் பழக்கமும் கோபமும் போவதில்லை.

பழக்கத்தைத் தூண்ட ஸ்பூன்; அது போதாதபோது மீன் சினை. சினைப்பையைத் துண்டாக்கி, போராக்ஸ், உப்பு, சர்க்கரை போட்டுப் பதப்படுத்தி, ஒரு நெல்லிக்காய் அளவு துண்டை முள்ளில் கட்டி, தக்கைக்குக் கீழே அடியிலிருந்து ஓரடி மேலே நிற்கும்படி விடுவார்கள். ஸ்பூன் கடந்து போய்விடும். சினை அங்கேயே நிற்கும். தன்னைக் கடந்து போகும் எதையும் விட்டுவிடுகிற மீன், முகத்துக்கு நேரே பால்போல் கரைந்து வாசம் விடும் சினையை வாயில் எடுத்துப் பார்க்கிறது. ஏன் எடுக்கிறது என்பதில் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். தக்கை மூழ்கும்போது யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஆற்று நீரோட்டம் மெல்லச் செல்லும் கால்வாய்ப் பக்கமே இதற்கு ஏற்ற இடம். அலை புரளும் ஏரிப் பக்கத்தில் தக்கையால் பயனில்லை.

துள்ளும் மீனைக் குறிவைத்து அதன் தலைமேல் ஸ்பூனைப் போடுவது புதியவர்களின் ஆசை. துள்ளுகிற மீன் கொத்துகிற மீன் அல்ல. அது எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்து, அது போகும் வழியில், அடியோரமாக, அதன் கூட்டாளிகள் இருக்கும் இடத்தில் வீசுவது மேல். மேலே ஒன்று துள்ளினால் கீழே பல நகர்கின்றன. ஒரே இடத்தில் ஐம்பது ஸ்பூன் விழுந்து மீன் அலுத்துப்போயிருந்தால் அளவைக் குறைத்துப் பார்க்கலாம். நரம்புக்கும் ஸ்பூனுக்கும் இடையில் மெல்லிய ஃப்ளோரோகார்பன் துண்டு கட்டலாம். இத்தனைக்கும் பிறகு நிறத்தை மாற்றலாம். அதுவரை பெட்டி மூடியே இருக்கட்டும்.

மற்ற சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 9, 10 அடிக் கோல், 15 முதல் 20 பவுண்டு தாங்கும் நரம்பு 200 மீட்டருக்குக் குறையாமல், சறுக்குப் பிடி ஒழுங்காக வேலை செய்யும் ரீல். நீளக் கைப்பிடி வலை மட்டும் கட்டாயம். பியரின் தளம் தண்ணீரிலிருந்து ஆள் உயரத்துக்கு இருக்கும். பத்துக் கிலோ மீனை நரம்பால் தூக்கப் பார்த்தால் நரம்புதான் மேலே வரும். மீன் மாட்டியதும் ‘ஃபிஷ் ஆன்’ என்று கத்துவது அங்கே மரியாதை. கேட்டவர்கள் தங்கள் நரம்பைச் சுற்றிக்கொண்டு வழிவிடுவார்கள். முன்பின் தெரியாத ஒருவர் வலையோடு ஓடிவருவார். மறுமுறை மற்றவருக்கு மாட்டும்போது தானும் ஓட வேண்டும். இதைச் செய்யாதவருக்கு அடுத்த நாள் பியரில் நல்ல இடம் கிடைக்காது.

கிங் வராத நாளிலும் பியர் வெறுமையாக இருப்பதில்லை. ஜூன், ஜூலையில் குளிர்ந்த தண்ணீர் கரையேறும்போது செயின்ட் ஜோசப்பிலும், இந்தியானாவின் மிச்சிகன் சிட்டியிலும் ஸ்கமானியா வகை ஸ்டீல்ஹெட் ட்ரவுட் வரும். தக்கைக்குக் கீழே இறாலோ மண்புழுவோ போதும். சூடான தண்ணீரில் டிரம் மீன் தாராளமாகக் கொத்தும். அமெரிக்கர்கள் அதை மதிப்பதில்லை. பிள்ளைகளை அழைத்து வந்தவர்களுக்கு அதுதான் தெய்வம்.

காற்றைப் பற்றி இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். மீனைக் கொண்டுவரும் வாடைக்காற்றே பியரின் மேல் அலையையும் ஏற்றிவிடும். டேனர் விட்ட கோஹோ முதன்முதலாகப் பெருங்கூட்டமாகத் திரும்பிய 1967 செப்டம்பரில், 23ஆம் தேதி, பிளாட் விரிகுடாவில் சிறுபடகுகளோடு இறங்கிய மீன்பித்தர்களைத் திடீர்ப் புயல் பிடித்தது. ஏழு பேர் இறந்தார்கள். பியரில் நிற்பவருக்கும் அந்த ஏரி வேறு முகம் காட்டுவதில்லை. லடிங்டன் கலங்கரை விளக்கின் அடித்தளத்தைக் கப்பலின் முன்முனை மாதிரி கூராகக் கட்டியிருப்பதே அலையைப் பிளக்கத்தான். கிராண்ட் ஹேவன் பியரின் தலைக்கு மேல் ஓடும் இரும்பு நடைபாதை, புயலில் விளக்குக் காவலர் அலையில் அடித்துப் போகாமல் விளக்கை எட்டுவதற்காகக் கட்டியது. அலை தளத்தின் மேல் ஏறும் நாளில் மீன் எவ்வளவு இருந்தாலும் போகக்கூடாது. அமைதியான இரவிலும் உயிர்காப்பு அங்கியும் பிடிமானமுள்ள காலணியும் வேண்டும். ஈரக் கான்கிரீட்டில் பாசி வழுக்கும், இருட்டில் ஏறுவதற்கு ஏணி கண்ணில் படாது.

17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மிச்சிகன் மீன்பிடி உரிமம் தேவை. நாளொன்றுக்கு எத்தனை மீன் என்ற வரம்பு ஆண்டுக்காண்டு மாறக்கூடும். அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாயில் மாட்டாமல் உடம்பில் மாட்டிய மீனை, எவ்வளவு பெரிதானாலும், உடனே விட்டுவிட வேண்டும்.

ஆகஸ்ட் நடுவிலிருந்து காற்றுக் கணிப்பை நாள்தோறும் பாருங்கள். வாடை மூன்று நாள் அடித்து ஓய்ந்த பிறகு, அல்லது கீழைக்காற்றாகத் திரும்பிய பிறகு வரும் முதல் விடியலில் குளிர்ந்த தண்ணீர் கரையிலேயே இருக்கும், அலை இறங்கியிருக்கும். அலுவலகத்தில் விடுப்புக் கேட்பதானால் அந்த நாளுக்குக் கேளுங்கள். அதிகாலை மூன்று மணிக்குப் பியரில் இருங்கள்.